ஒரு சிறிய மேசை கற்றுத்தந்தவை

(நாமக்கல் மாவட்டத்தில் குறுவள மையக் கூட்டம் ஒன்றில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக் கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் முன்னால் இருக்கும் இந்த மேசையை நீங்கள் உள்ளே வரும்போதே பார்த்திருப்பீர்கள். நீளம் 18 அங்குலம், அகலம் 14 அங்குலம், உயரம் 11 அங்குலம். தரையில் சம்மணமிட்டு உட்காரும் குழந்தை நோட்டை வைத்து எழுதுவதற்காகச் செய்தது. பழைய வீடு இடித்த இடத்தில் வாங்கிய வேப்பமரம். இதில் பிழைகள் உண்டு; பேச்சு முடிந்ததும் புரட்டிப் பாருங்கள். இந்த மேசை எனக்குக் கணக்கைத் திரும்பக் கற்றுக்கொடுத்தது. என்னிடமிருந்த ஒரு தவறையும் காட்டிக்கொடுத்தது. இரண்டையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

எங்கள் பள்ளியில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். எழுதும்போது முதுகு வளைந்து முகம் நோட்டைத் தொடும் அளவுக்குக் குனிந்துவிடுகிறார்கள். சிறிய மேசை இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. கடையில் வாங்கலாம், கொடையாளர் யாரையாவது கேட்கலாம். ஒன்றையாவது நாமே செய்து பார்த்தால் என்ன என்று ஆசை வந்தது. எனக்கு அதுவரை ஆணி அடிக்கக்கூட ஒழுங்காகத் தெரியாது.

நாமக்கல் லாரிகளுக்கு மட்டுமல்ல, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்கும் பேர்பெற்ற ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பட்டறைகளில் கொல்லர், வெல்டர், பெயின்டர், தச்சர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்வார்கள். எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு படித்த ஒரு மாணவனின் அப்பா அப்படியொரு பட்டறையில் தச்சு மேஸ்திரி. அவரிடம் போய்க் கேட்டேன். சிரித்தார். "ஞாயித்துக்கிழமை வாங்க சார். ஆனா பாத்துட்டுப் போறதுக்கு வராதீங்க, செய்யறதுக்கு வாங்க" என்றார்.

கணித ஆசிரியரின் முதல் பிழை

முதல் ஞாயிறு அளவு போட்டோம். மேஸ்திரி டேப்பை எடுத்து, "ஆறு நூல் கனம்" என்றார். எனக்குப் புரியவில்லை. தச்சர்களும் கொத்தனார்களும் ஓர் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிக்கிறார்கள். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று, மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். ஆறு நூல் என்றால் முக்கால் அங்குலம். 6/8-ம் 3/4-ம் சமம் என்று பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அதைச் சமான பின்னம் என்று சொல்லாமலேயே நாள் முழுக்க வாயில் புழங்கும் மனிதர்கள் என் பள்ளிக்கு அரை கிலோமீட்டர் தூரத்தில் இருந்தார்கள்.

மேசையின் அமைப்பு எளிமையானது. ஒன்றரை அங்குலச் சதுரத்தில் நான்கு கால்கள். கால்களை இணைக்கும் நான்கு சட்டங்கள், ஒவ்வொன்றும் இரண்டரை அங்குல அகலம், ஆறு நூல் கனம். மேலே இரண்டு பலகைகளை ஒட்டிச் செய்த மேற்பலகை, அதுவும் ஆறு நூல். மொத்த உயரம் 11 அங்குலம் வேண்டுமென்றால் மேற்பலகையின் முக்கால் அங்குலத்தைக் கழிக்க, கால் 10 அங்குலம் 2 நூல். கால்களோடு சேர்த்து வெளி அளவு 16-க்கு 12. கால் இரண்டும் மூன்று அங்குலத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே நீளச் சட்டம் 13 அங்குலம், அகலச் சட்டம் 9 அங்குலம். நான் வேகமாகக் கணக்குப் போட்டு, கோடு கிழித்து, முதல் சட்டத்தை 13 அங்குலத்தில் அறுத்துவிட்டேன்.

மேஸ்திரி அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "கழுந்து எங்க சார்?" என்றார்.

சட்டத்தின் முனையை நாக்குப் போலச் செதுக்கி, காலில் குடைந்த தொளைக்குள் செருகுவதுதான் இணைப்பு. அந்த நாக்குதான் கழுந்து. இரு முனையிலும் ஆறு நூல் வீதம் ஒன்றரை அங்குலம் அதற்கு வேண்டும். கண்ணுக்குத் தெரியும் நீளம் 13, அறுக்க வேண்டிய நீளம் பதினாலரை. விடை சரி, கேள்வியைத்தான் தவறாகப் படித்திருந்தேன். வாய்க்கணக்கில் பிள்ளைகள் இப்படிச் செய்தால், 'கேள்வியை முழுசாப் படிடா' என்று அதட்டியிருக்கிறேன். என்னை மேஸ்திரி அதட்டவில்லை. அந்தத் துண்டை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த மரத்தை எடுத்துக் கொடுத்தார். பிழைத்த சட்டம் இன்றும் எங்கள் வகுப்பில் இருக்கிறது. பலகையில் நேர்கோடு போட அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

உளி சொன்ன பாடங்கள்

தொளையை முதலில் குடைய வேண்டும், கழுந்தைப் பிறகு செதுக்க வேண்டும் என்றார். ஏன் என்று கேட்டேன். தொளையின் அகலத்தை உளியின் அகலமே முடிவு செய்கிறது, அதை மாற்ற முடியாது. கழுந்தை மயிரிழை மயிரிழையாகச் சீவித் தொளைக்குப் பொருத்திக்கொள்ளலாம். ஆறு நூல் கனமுள்ள சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு கழுந்து. அதாவது இரண்டு நூல். அதற்கு இரண்டு நூல் உளி. பக்கத்துக்கு இரண்டு நூல் மரம் மிச்சம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் தொளைச் சுவர் பலவீனமாகும். குறைத்தால் கழுந்து ஒடியும். ஒரே காலில் இரண்டு பக்கத்திலிருந்தும் கழுந்துகள் வந்து உள்ளே முட்டிக்கொள்ளும் என்பதால், அவற்றின் நுனிகளை 45 பாகைச் சாய்வில் சீவினோம்.

இழைப்புளி பிடித்தது அடுத்த பாடம். நான் தள்ளத் தள்ள மரம் சுருள் சுருளாக வருவதற்குப் பதில் பிய்த்துக்கொண்டு வந்தது. ரேகை ஓடும் திசையைப் பார்க்காமல் எதிர்த் திசையில் இழைத்திருக்கிறேன். மரத்தைத் திருப்பிப் போட்டதும் அதே உளி, அதே கை, வழுவழுவென்று வந்தது. பழைய மரம் என்பதால் உள்ளே மறைந்த ஆணி இருக்கிறதா என்று முதலில் தேட வேண்டும், இல்லாவிட்டால் இழைப்புளியின் அலகு போய்விடும் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். பழைய மரத்தில் ஒரு நன்மையும் உண்டு. பச்சை மரம் காயக் காய அகலவாக்கில் சுருங்கும், நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது. பல வருடம் காய்ந்த மரத்தில் அந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் ஐப்பசி மழையில் கொஞ்சம் உப்பும், சித்திரை வெயிலில் கொஞ்சம் ஒடுங்கும். அதனால் மேற்பலகையைப் பசை போட்டு ஒட்டாமல், நீள்வட்டத் துளையில் திருகாணி போட்டு, அசைய இடம் விட்டுப் பிடித்திருக்கிறோம்.

சட்டங்களைக் காலில் செருகிப் பெவிகால் போட்டாயிற்று. மேஸ்திரி டேப்பை மூலைக்கு மூலை பிடிக்கச் சொன்னார். ஒரு பக்கம் 20 அங்குலம் 2 நூல், மறுபக்கம் 19 அங்குலம் 6 நூல். "இருபது வரணும், ரெண்டு பக்கமும்" என்றார். பன்னிரண்டு, பதினாறு, இருபது. நாம் சொல்லிக்கொடுக்கும் மூன்று, நான்கு, ஐந்தின் நான்கு மடங்கு! எதிர்ப்பக்கங்கள் சமமாக இருந்தும் மூலைவிட்டங்கள் சமமில்லை. ஆகவே அது செவ்வகம் இல்லை, சாய்ந்த இணைகரம். நீளமான மூலைவிட்டத்தில் கயிறு கட்டி, குச்சி விட்டு முறுக்கினோம். இரண்டும் இருபதுக்கு வந்தன. பசை காய்வதற்குள் செய்தால்தான் உண்டு. எத்தனை வருடம் பிதாகரஸ் தேற்றம் நடத்தினேன்! அது தவறினால் ஒரு பொருள் கோணலாகிவிடும் என்று என் கை அன்றுதான் உணர்ந்தது.

கடைசியாக, மேசை ஆடியது. மூன்று புள்ளிகள் ஒரு தளத்தில் அமைந்துவிடும், நான்காவது புள்ளிதான் தகராறு செய்யும். முக்காலி ஆடாது, நாற்காலி ஆடும். நான் உயரமாகத் தெரிந்த காலைக் கொஞ்சம் அறுத்தேன், அடுத்தது ஆடியது. அதை அறுத்தேன், மற்றொன்று ஆடியது. குரங்கு அப்பம் பங்கிட்ட கதையாகப் போய்க்கொண்டிருந்தது. மேஸ்திரி ரம்பத்தை வாங்கி வைத்துவிட்டு, மேசையைச் சமமான கல்லின் மேல் நிறுத்தி, ஆடாதபடி அடியில் சில்லு வைத்து, ஒரு சிறு கட்டையின் மேல் பென்சிலைப் படுக்க வைத்து நான்கு காலையும் சுற்றி ஒரே உயரத்தில் கோடு கீறினார். அந்தக் கோட்டில் அறுத்ததும் ஆட்டம் நின்றது.

நான் சொன்ன ஒரு வார்த்தை

இவ்வளவும் கற்ற உற்சாகத்தில், இரண்டாவது மேசையை எட்டாம் வகுப்போடு சேர்ந்து செய்வது என்று தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கினேன். ரம்பமும் உளியும் பெரியவர்கள் கையில்தான். அளவு எடுப்பது, வரைவது, கணக்கிடுவது, உப்புத்தாள் தேய்ப்பது, நான் பக்கத்தில் இருக்கும்போது இழைப்புளி தள்ளிப் பார்ப்பது ஆகியவை பிள்ளைகளுக்கு.

முதல் நாள் நான் இழைத்துக் காட்டும்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "சார், ரேகைக்கு எதிரா இழைக்கிறீங்க." மேஸ்திரியின் மகன். அவன் கணக்கில் நல்ல பையன், அதிகம் பேச மாட்டான். நான் மகிழ்ந்துபோய், "அட, தச்சர் பையன் இருக்கும்போது நமக்கென்ன கவலை! நீ வாடா முன்னால, உனக்கு இது ரத்தத்திலேயே இருக்கு" என்றேன். வகுப்பு சிரித்தது. பாராட்டாகத்தான் சொன்னேன். அவன் முன்னால் வரவில்லை. அடுத்த இரண்டு முறையும் மேசை வேலை நடக்கும்போது வயிற்றுவலி என்று சொல்லித் தனியாக உட்கார்ந்துகொண்டான். எனக்கு உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வேலையை நிறுத்தாமலேயே பேசினார். "சார், பையன் கணக்குல நல்லா வரான்னு நீங்கதான் சொன்னீங்க. இந்த உளி எங்கப்பா கையில இருந்து எனக்கு வந்துச்சு. நான் கேட்டு வாங்கலீங்க. எட்டாவதோட படிப்ப நிறுத்திக் கையில கொடுத்தாங்க. அவனுக்கு வேணும்னா அவனே கேட்டு வாங்கட்டும். ஆனா ரத்தத்துல இருக்குன்னு மட்டும் சொல்லாதீங்க சார். எனக்கு ரத்தத்துல ஒண்ணும் இல்ல. வருசக்கணக்கா வெரல வெட்டிக்கிட்டுக் கத்துக்கிட்டது."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

வீடு திரும்பும் வழியில் நம் மாநிலத்தின் கல்வி வரலாறு நினைவுக்கு வந்தது. கைத்தொழில் வழியே கல்வி என்பது நம் பகுதிக்குப் புதிதல்ல. 1925-ல் இராஜாஜி திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். நூற்பும் நெசவும் சுற்றுக் கிராமங்களுக்குப் பிழைப்பாயின. 1937-ல் வார்தா மாநாட்டில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். கைத்தொழில் ஒன்றை நடுவில் வைத்து மொழியும் கணக்கும் அறிவியலும் கற்பிக்கலாம் என்பது அதன் கருத்து. அதே இராஜாஜி முதலமைச்சராக இருந்த 1953-ல், கிராமத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு வேளை படிப்பு, மறுவேளை பெற்றோரின் தொழில் என்ற திட்டம் வந்தது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று சொல்லி எதிர்த்தார்கள். காங்கிரசுக்கு உள்ளேயும் எதிர்ப்பு இருந்தது. 1954-ல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. இங்கே அமர்ந்திருக்கும் நம்மில் பலர் ஆசிரியரானதற்குப் பின்னால் அந்த முடிவும் இருக்கிறது.

அந்தத் திட்டத்தில் கைத்தொழில் கற்பது குறையல்ல. எந்தப் பிள்ளை எந்தத் தொழிலைக் கற்பது என்பதைப் பிறந்த வீடு முடிவு செய்ததுதான் குறை. எழுபது ஆண்டு கழித்து, எந்த ஆணையும் இல்லாமல், ஒரே வாக்கியத்தில் அதையே நான் என் வகுப்பறையில் செய்திருக்கிறேன்.

பின்லாந்தில் 1866-லேயே பொதுப் பள்ளிகளில் கைவேலை பாடமானது; அதற்குக் காரணமாக இருந்தவர் ஊனோ சிக்னேயஸ். சுவீடனில் நேஸ் என்ற ஊரில் ஓட்டோ சாலமன் என்பவர் மரவேலை கற்பிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பல நாட்டிலிருந்தும் ஆசிரியர்கள் அங்கே போய்க் கற்றார்கள். தச்சர்களை உருவாக்குவது அவர்கள் நோக்கமல்ல. கையும் கண்ணும் மனமும் சேர்ந்து வேலை செய்யப் பழகுவது ஒவ்வொரு பிள்ளைக்கும் வேண்டும் என்று நினைத்தார்கள். மருத்துவரின் மகனும் இழைப்புளி பிடிக்க வேண்டும், தச்சரின் மகனும் வடிவியல் படிக்க வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் நடந்தால் அது கல்வியாகாது.

மறுநாள்

மறுநாள் வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் சொன்னேன்: "போன வாரம் நான் சொன்னது தப்பு. தச்சுவேலை யாருக்கும் ரத்தத்தில் வருவதில்லை. கணக்கும் அப்படித்தான். இரண்டும் செய்து செய்து வருவது." பையனைத் தனியாகப் பார்த்து இன்னொரு சொல்லும் நான் சொல்லவில்லை. வேலைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தோம், வாரத்துக்கு வாரம் மாற்றினோம்.

சீட்டில் அவனுக்கு மரக்கணக்கு வந்தது. கரும்பலகையில் போட்டான். கால்கள்: 4 × 1.5 × 1.5 × 10.25, ஆக 92.25 கன அங்குலம். சட்டங்கள்: பதினாலரை இரண்டு, பத்தரை இரண்டு, மொத்த நீளம் 50 அங்குலம்; 50 × 2.5 × 0.75, ஆக 93.75. மேற்பலகை: 18 × 14 × 0.75, ஆக 189. கூட்டினால் சரியாக 375 கன அங்குலம். ஒரு கன அடிக்கு 1728 கன அங்குலம். ஆகவே கன அடியில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். "அவ்வளவு வாங்கினால் போதுமா?" என்று கேட்டேன். ஒருத்தி எழுந்து, "ரம்பத்தூள்ல போறது, இழைக்கிறதுல போறது எல்லாம் சேர்க்கணும் சார்" என்றாள். கோழிப்பண்ணையில் வேலை செய்யும் ஓர் அம்மாவின் மகள். கன அடியில் மூன்றில் ஒரு பங்கு வாங்குவது என்று வகுப்பே முடிவு செய்தது. இழைப்பில் எல்லாரையும்விட நன்றாகச் சுருள் எடுத்ததும் அவள்தான். பையனும் ஒருநாள் இழைத்தான். சுமாராகத்தான் வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

முயன்று பார்க்க நினைக்கும் ஆசிரியர்களுக்குச் சில வார்த்தைகள். முதலில் நீங்கள் ஒன்றைச் செய்து பாருங்கள். செய்யாமல் கற்பிக்க முடியாது. ஊரில் உள்ள தச்சரைப் பள்ளிக்கு அழைத்தால், உதவியாளராக அல்ல, ஆசிரியராக நாற்காலி போட்டு அமரவையுங்கள். கூரான கருவியைப் பிள்ளை கையில் தராதீர்கள். பிள்ளைகள் செய்ததை விற்காதீர்கள், எண்ணிக்கை இலக்கு வைக்காதீர்கள். வைத்தால் அது வேலை வாங்குவதாகிவிடும், பாடம் போய்விடும். பிழைத்த துண்டைத் தூக்கி எறியாமல் வகுப்பில் வையுங்கள். மிக முக்கியமாக, எந்தப் பிள்ளை எதைச் செய்ய வேண்டும் என்பதை அப்பாவின் தொழிலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பாராட்டும்போதுகூட அதைச் சொல்லாதீர்கள்.

அந்த மாணவன் இப்போது ஒன்பதாம் வகுப்பில், பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான். என்ன ஆவான் என்று எனக்குத் தெரியாது. அவனிடம் நான் கேட்கவும் இல்லை. போன மாதம் பட்டறைக்குப் போனபோது மேஸ்திரி ஒரு சேதி சொன்னார். பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாக வந்து, "அப்பா, அந்த ரெண்டு நூல் உளியக் கொஞ்சம் குடுங்க" என்று கேட்டானாம். வீட்டில் புத்தகம் வைக்க ஒரு பலகை செய்வதற்காம். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இரண்டாவது மேசை ஒன்றாம் வகுப்பில் இருக்கிறது. இது முதலாவது. அடியில் ஒரு கழுந்து கொஞ்சம் தளர்வாக இருக்கும். அதில் ஒரு மூங்கில் சில்லு செருகியிருக்கிறேன். அருகில் வந்து பாருங்கள். மூலைக்கு மூலை அளந்து பார்க்க டேப்பும் கொண்டுவந்திருக்கிறேன்.